கம்பளித் துணிக்கு ஒரு மண் பின்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுடுமண் நகை செய்யும் நம்ம குழுக்களில் சில பேர் என்னிடம் கேட்டார்கள்: "நீங்க ஸ்காட்லாந்துல இருந்தப்ப மண் வேலை கத்துக்கிட்டீங்களாமே, அங்க பொம்பளைங்க மண்ணுல என்ன செய்றாங்க, அதை யாரு வாங்குறா?" அதற்கான பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அந்த ஊர்ப் பாரம்பரிய உடையோடு போட்டுக்கொள்ள மண்ணில் பின், பொத்தான், தொங்கல் செய்கிறவர்களின் தொழில் பற்றிய பேச்சு இது.

முதலில் உடை. அந்த ஊர் ஆண்கள் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் கில்ட் கட்டுவார்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வரும், பின்பக்கம் முழுக்க மடிப்பு. சிரிக்காதீங்க. நம்ம வேட்டியைப் பார்த்து அவங்க சிரிச்சா நமக்கு எப்படி இருக்கும்? நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி போகும். நம்ம சேலை ஆறு கஜம்தான். அந்தத் துணியில் இருக்கும் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். இன்ன கட்டம் இன்ன குலத்துக்கு, இன்ன படைப்பிரிவுக்கு என்று உண்டு. 2009-லிருந்து அரசாங்கமே ஒரு பதிவேடு வைத்து டார்ட்டன் கட்டங்களைப் பதிவு செய்கிறது.

பெண்கள் அதே டார்ட்டனில் நீளமான துண்டு ஒன்றைத் தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்கே விட்டுக் கட்டுவார்கள். அதற்கு சாஷ் என்று பெயர். அதைத் தோளில் நிறுத்துவது ஒரு பின், அவர்கள் மொழியில் புரூச். இதிலும் முறை இருக்கிறது. சாதாரணமாக வலது தோளில் குத்துவார்கள். குலத் தலைவரின் மனைவிதான் இடது தோளில் குத்துவது வழக்கம். இப்போது கல்யாண வீட்டில் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை என்றாலும், வயதான ஒரு அம்மா எங்கேயாவது உட்கார்ந்து கவனித்துக்கொண்டுதான் இருப்பார். நம்ம ஊரில் முந்தானை எந்தப் பக்கம் என்று பார்க்கும் பாட்டி இல்லையா, அது மாதிரி.

இந்த உடைக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. 1746-இல் கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் மலைநாட்டுக்காரர்கள் தோற்றுப்போனார்கள். அதே வருஷம் லண்டன் நாடாளுமன்றம், மலைநாட்டு ஆண்களும் பையன்களும் இந்த உடையைப் போடக்கூடாது என்று சட்டம் போட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் கடல் கடந்து நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. அப்புறம் 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளர் முன்னின்று எல்லாரையும் டார்ட்டன் போட வைத்தார். தடை செய்த உடையே விழா உடையாகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் துணியில் குத்துவதற்கு நாம் ஒரு சாமான் செய்தால் அதை அழகுப் பொருள் என்று மட்டும் நினைத்துச் செய்ய முடியாது. வாங்குகிறவர் தன் தாத்தாவை நினைத்துக்கொண்டு வாங்குகிறார்.

பெண்களின் பழைய உடைக்கு அரிசெய்ட் என்று பெயர். தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் வரும் பெரிய போர்வை. இடுப்பில் வார் கட்டி, மார்பில் ஒரு புரூச்சால் பூட்டுவார்கள். 1703-இல் அச்சான மார்ட்டின் மார்ட்டின் என்பவருடைய புத்தகத்தில் அந்த புரூச் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்ததாக இருக்கிறது. வெள்ளி அல்லது பித்தளை. ஏழைக்குப் பித்தளை, வசதிக்காரிக்கு வெள்ளி. எங்கே போனாலும் இதே கதைதான்.

இன்னொரு புரூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், உங்களுக்குப் பிடிக்கும். அதன் பெயர் லக்கன்பூத். இதய வடிவத்தில் இருக்கும். ஒற்றை இதயம் அல்லது பின்னிய இரண்டு இதயம், மேலே பெரும்பாலும் ஒரு கிரீடம். எடின்பரோவில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டிப் பூட்டுப்போட்ட சின்னச் சின்னக் கடைகள் வரிசையாக இருந்தன. பூட்டிய கடை என்பதுதான் அந்தப் பேரின் அர்த்தம். அங்கே பொற்கொல்லர்கள் இதை விற்றார்கள். கடைகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் பின்னில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் அடையாளம் அது. அப்புறம் முதல் பிள்ளை பிறந்ததும் அதே பின்னைப் பிள்ளையின் சால்வையில் குத்துவார்கள். எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்? கண்ணு படக்கூடாதுன்னுதான்! சூனியக்காரி கண் படாமல் இருக்க. நாம் கன்னத்தில் மை வைக்கிறோம், அவர்கள் வெள்ளி இதயத்தைக் குத்துகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எந்த ஊரிலும் பயம் ஒண்ணுதான்.

இதெல்லாம் வெள்ளியில் செய்தது. மண் எங்கே வந்தது?

மண்ணும் அங்கே பழசுதான். வடமேற்கில் லூயிஸ் என்ற தீவு. அங்கே பார்வாஸ் பக்கத்துப் பெண்கள் சக்கரம் இல்லாமல், கையாலேயே பானை பிடித்தார்கள். கிராகன் என்று பேர். பக்கத்தில் கிடைக்கும் களிமண், வீட்டு அடுப்பில் எரியும் கரி மண் நெருப்பு, அவ்வளவுதான் சூளை. சுட்ட பானை சூடாக இருக்கும்போதே அதன் மேல் பாலை ஊற்றுவார்கள். பால் கருகி மண்ணின் துளைகளை அடைத்து, தண்ணீர் கசியாமல் பண்ணும். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் பால் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்ததும், இந்தப் பெண்கள் அதே மண்ணில், அதே கையால், ஆலையில் வரும் பீங்கான் மாதிரியே கப்பும் சாசரும் டீ ஜாடியும் செய்து விற்றார்கள். வாங்குகிறவன் கண் எதில் நிற்கிறது என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தவில்லை. ஆனால் மலிவான ஆலைப் பாத்திரம் தீவுக்கே வந்து சேர்ந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அந்த வேலை நின்றுபோச்சு. இப்போது அந்தக் கோணல் கப்புகள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. செய்த பெண்களின் பேர் பலதில் இல்லை.

ஆலைத் தொழிலும் இருந்தது. எடின்பரோ பக்கத்தில் போர்ட்டபெல்லோ கடற்கரையில் பழைய பாட்டில் வடிவச் சூளைகள் இரண்டு இன்றும் நிற்கின்றன. ஃபைஃப் பகுதியில் கெர்க்கால்டியில் 1880-களிலிருந்து வீம்ஸ் வேர் என்ற பாத்திரங்கள், ரோஜாப் பூ வரைந்தது, வந்தன. அது பெரிய கதை, விட்டுவிடுகிறேன்.

இன்றைக்குச் சின்னச் சின்னப் பட்டறைகளில் மண் புரூச் செய்கிறவர்களுக்கு வெள்ளியோடு போட்டி போடுவது நோக்கமில்லை. வெள்ளிக்கு நிறம் கிடையாது. மண்ணுக்கு உண்டு. விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளிக்குள் அகேட் கல்லையும், கேர்ன்கார்ம் மலையில் கிடைக்கும் புகை நிறக் கல்லையும் பதித்த நகைகள் ரொம்பப் பிரபலம். அந்தக் கல் உட்கார்ந்த இடத்தில்தான் இன்றைக்கு மண் வில்லை உட்காருகிறது. ஹெதர் பூவின் ஊதா, மழை பெய்த மலையின் சாம்பல் பச்சை, திசில் பூ. திசில் அவர்களின் தேசியச் சின்னம். நம்ம பிரம்மதண்டு மாதிரி முள் இலை, தலையில் ஊதாக் குஞ்சம்.

வேலைக்கு வருவோம். இது நம்ம சுடுமண் குழுக்களுக்கு நேராகப் பயன்படும்.

வில்லையின் அளவிலிருந்து ஆரம்பிக்கணும். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஸ்டோன்வேர் மண் மொத்தத்தில் 10-லிருந்து 12 சதவீதம் வரைக்கும், போர்சலின் அதைவிடவும் சுருங்கும். அதனால் ஈர மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் 100 மில்லிமீட்டர் கோடு கீறி, மற்ற சாமானோடு சேர்த்துச் சுட்டு அளந்து பார்ப்பார்கள். கோடு 88 ஆகிவிட்டது என்றால் சுருக்கம் 12. இப்போது 50 மில்லிமீட்டர் புரூச் வேணும். 50-இல் 12 சதவீதம் 6, அதைக் கூட்டி 56 என்று வெட்டினால் சிறிசாகப் போயிடும். 50-ஐ 0.88-ஆல் வகுக்கணும், 57 வரும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோணும். வெள்ளிச் சட்டத்துக்குள் பதிக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் லொடலொடன்னு ஆடும்.

காயவைப்பது பொறுமை வேலை. அங்கே ஈரக்காற்று, தானாகவே மெதுவாகக் காயும். நமக்கு மே மாத வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து வளைஞ்சிடும். இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில், செய்தித்தாள் வைத்து, நிழலில் காய விடணும். சூட்டையும் அவசரப்படுத்தக் கூடாது. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் திடீரென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகத் தாண்டணும். முதல் சூடு ஏறக்குறைய 1000 டிகிரி. அப்புறம் கிளேஸ் பூசி இரண்டாவது சூடு, ஸ்டோன்வேர் என்றால் 1220-லிருந்து 1280 வரைக்கும். முதுகில் கிளேஸ் பட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் ஈரத் துணியால் முதுகைத் துடைச்சு எடுத்திடுவாங்க. மணிகளை மட்டும் சூடு தாங்கும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டுச் சுடுவார்கள்.

டார்ட்டன் கட்டத்தை அப்படியே மண்ணில் வரைய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், அது வேண்டாத வேலை. துணியில் கோடு நூலால் வருகிறது, சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று போய் மூன்றாவது நிறம் பிறக்கிறது. மண்ணில் வரைந்தால் அது பள்ளிக்கூடத்து கிராஃப் தாள் மாதிரி நிற்கும். மேலும் அதிகச் சூட்டில் நல்ல சிவப்பு கிடைப்பது கஷ்டம், இரும்பில் வரும் சிவப்பு பழுப்பாகிவிடும். தேர்ந்த கைகள் என்ன செய்கின்றன என்றால், வாங்குகிறவரின் டார்ட்டனிலிருந்து ஒரே ஒரு நூலின் நிறத்தை எடுத்துக்கொள்கின்றன. பிளாக் வாட்ச் கட்டம் கரும்பச்சை, கருநீலம், கறுப்பு என்றால், கோபால்ட் நீலத்தில் ஒரு வில்லை. போதும். இல்லை என்றால் முரட்டுக் கம்பளித் துணியையே ஈர மண்ணில் அழுத்தி எடுக்கிறார்கள். நெசவின் தடம் விழுகிறது. அதன் மேல் மெல்லிய கிளேஸ் ஓடிப் பள்ளத்தில் தேங்கும்போது வரும் அழகு, வரைந்து வராது.

ஈயம் கலந்த கிளேஸை யாரும் தொடாதீங்க. சால்வைப் பின்னைப் பிள்ளை வாயில் வைக்கும்.

முதுகுப் பக்கம்தான் உயிர். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கல்யாண வீட்டில் கெய்லி நடனம் ஆடும்போது பின் கழன்று தரையில் விழுந்தால், மண் சாமான், இரண்டு துண்டு. அந்த நடனம் கையைக் கோத்துச் சுற்றிச் சுற்றி ஆடுவது, நம்ம கும்மியை வேகமாக ஓட்டினது மாதிரி. அதனால் ஊசித் தண்டை நடுவில் ஒட்டக் கூடாது, நடுவுக்கு மேலே ஒட்டணும். நடுவில் ஒட்டினால் தலை கனத்து புரூச் முன்னால் கவிழ்ந்து தொங்கும். ஒட்டும் இடத்தில் கிளேஸ் இருக்கக் கூடாது, சொரசொரப்பாக இருக்கணும். இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும் எப்பாக்ஸி பசைதான் சரி. உடனே ஒட்டும் பசை மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவில் கொஞ்ச நாளில் நொறுங்கிவிடும். ஒட்டி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடணும். இன்னும் கவனமானவர்கள் ஈர மண்ணிலேயே இரண்டு துளை போட்டு, கம்பியால் தைத்து, அதன் மேல் பசையும் வைக்கிறார்கள். கம்பளித் துணி தடிப்பு, இரண்டு மடிப்பு சேர்ந்தால் சின்ன ஊசி எட்டாது. நீள ஊசி வேணும்.

கில்ட்டுக்குக் குத்தும் பின் வேறு. அது கில்ட்டின் முன்தட்டில், கீழே வலது மூலையில் இருக்கும். பார்க்கிறவர்கள் அது இரண்டு தட்டையும் சேர்த்துப் பூட்டுகிறது என்று நினைப்பார்கள். இல்லை. மேல் தட்டில் மட்டும்தான் குத்தணும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும், தொங்கலும் கெடும். அங்கே முழு மண் பின் சரிப்படாது, முழங்காலில் இடிபடும் இடம். உலோகப் பின்னில் சின்ன மண் வில்லை பதிப்பது, அல்லது வளையத்தில் இரண்டு மூன்று மண் தொங்கல் மாட்டுவது, அதுதான் தாங்குகிறது. எடையும் குறைவாக இருக்கணும், இல்லைன்னா எட்டு கஜத் துணியின் ஓரம் தொங்கிப்போகும். பொத்தான் செய்கிறவர்கள், சலவைக்குப் போடும்போது கழற்றி வைக்கிற மாதிரி செய்து, அதைச் சீட்டில் எழுதியும் கொடுக்கிறார்கள்.

இப்போ காசு விஷயம். நம்ம கூட்டத்தில் இதைப் பேசாமல் போகக் கூடாது.

பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. ஒரு கணக்குக்கு, 20 புரூச் ஒரு ஈடு என்று வைத்துக்கொள்வோம். உருட்டி வெட்ட, ஓரம் துடைக்க, வரைய, கிளேஸ் பூச, சூளையில் அடுக்கி எடுக்க, பின் ஒட்ட, பெட்டியில் வைக்க, எல்லாம் சேர்ந்து 12 மணி நேரம் என்று வைங்க. கூலி 146 பவுண்டுக்கு மேல். மூன்று விரிசல் விட்டுப் போச்சு, 17 மிச்சம். ஒன்றுக்குக் கூலி மட்டும் 8.62. மண், கிளேஸ், கரண்ட், பின், பெட்டி என்று ஒரு 2 பவுண்டு சேர்த்தால் 10.62. இதைக் கடையில் 18 பவுண்டுக்கு வைத்து, கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் செய்தவளுக்கு 10.80. கூலியும் செலவும் போக நிற்பது 18 பென்ஸ். ஆனால் சந்தையில் 10 பவுண்டுக்குக் கொடுக்கிற பெண்களை அங்கேயும் நான் பார்த்திருக்கிறேன். ஏம்மான்னு கேட்டா, "சாயங்காலம் டி.வி. பார்த்துக்கிட்டே செய்றதுதானே" என்பார்கள். நம்ம ஊரில், "வீட்டு வேலை முடிஞ்சு சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே." சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்றை எந்தக் குழுவின் தீர்மான நோட்டிலும் நான் படித்ததில்லை. முழு நேரமும் இதிலேயே பிழைக்கிற பெண், பக்கத்துக் கடையில் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத பெண்ணோடு போட்டி போட முடியாமல் மூடிவிட்டுப் போகிறாள். இதை உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்க.

வெளியிலிருந்து வரும் போட்டியும் இருக்கிறது. பாகிஸ்தானில் சியால்கோட் ஊரில் கில்ட்டும் பேக்பைப் வாத்தியமும் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். விலை குறைவு. அந்தத் தொழிலாளியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அவரும் நம்மைப் போலக் கூலிக்காரர். எங்கோ செய்ததை வாங்கி ஸ்காட்லாந்தில் கையால் செய்தது என்று சீட்டு ஒட்டுகிறானே, அவன்தான் இரண்டு பக்கத்தையும் ஏமாற்றுகிறவன்.

கம்பளித் துணிக்காரர்கள் இதற்கு ஒரு வழி பண்ணினார்கள். ஹாரிஸ் ட்வீட் என்ற துணிக்கு 1910-லேயே உருண்டை முத்திரை பதிவானது. 1993-இல் தனிச் சட்டமே வந்தது. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டில் கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பேர். வெள்ளிக்கும் பாதுகாப்பு உண்டு, 7.78 கிராமுக்கு மேல் இருந்தால் பரிசோதனை முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்க முடியாது. மண் புரூச்சுக்கு இப்படி எதுவும் கிடையாது. அதனால் செய்கிறவர் ஈர மண்ணின் முதுகில் தன் முத்திரையைத் தானே குத்துகிறார். பேரின் முதல் எழுத்து, வருஷம். பார்வாஸ் பெண்கள் குத்தாமல் விட்டது.

நம்ம குழுக்கள் அந்த ஊருக்கு லக்கன்பூத் செய்து அனுப்பலாமா என்று மேடைக்கு வரும் முன்னாடி ஒரு தங்கச்சி கேட்டாள். அனுப்பலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் "தமிழ்நாட்டில் இன்ன ஊரில் இன்ன குழு செய்தது" என்று முதுகில் எழுதி அனுப்பணும். அப்படி எழுதினால் வாங்குவார்களா? சிலர் வாங்க மாட்டார்கள். கண்ணு படாமல் இருக்க ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் செய்தது என்று பார்க்கிறவர்கள் வாங்குவார்கள். எத்தனை பேர் என்பது முதல் ஈடு போய்த் திரும்பினால்தான் தெரியும். அதனால் முதல் ஈட்டுக்குக் குழுக் கடன் எடுக்க வேண்டாம், கையிருப்பில் 20 மட்டும் செய்து பாருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

அஞ்சு மாதிரி கொண்டுவந்திருக்கேன். மூணு புரூச், ஒரு கில்ட் பின், ஒரு பொத்தான் அட்டை. முன் வரிசையிலிருந்து பின்னாடி அனுப்பறேன். எல்லாரும் முதுகைத் திருப்பிப் பாருங்க, தண்டு எங்க ஒட்டியிருக்குன்னு விரலால தொட்டுப் பாருங்க. மடியில பிள்ளை வச்சிருக்கிறவங்க மட்டும் பக்கத்துல இருக்கிறவங்களைப் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஊசி கூர்மை. சுருக்கக் கணக்கு வேணுங்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் அளவுகோலோட வாங்க, போட்டுக் காட்டறேன்.